‘ஏற்கிறேன்’ என்று அழுத்தும் முன்... குரோம் பிரவுசரின் முதல் வாரம் தரும் பாடம்

நிக்காஹ் மஜ்லிஸில் தஃப்தரை எடுத்து வைத்ததும் நம் ஊர்ப் பெரியவர்கள் செய்கிற முதல் வேலை, மஹர் தொகையைச் சரிபார்ப்பதுதான். எண்ணால் எழுதியதும் எழுத்தால் எழுதியதும் ஒன்றாக இருக்கிறதா, ரொக்கமா நகையா, உடனே கொடுப்பதா பிறகு கொடுப்பதா என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் சாட்சிகள் பேனாவைத் தொடுவார்கள். வாடகைப் பத்திரம் போடுகிறவர்களில் சிலர் நம்மிடமே அதைக் கொண்டு வந்து, “ஹஜ்ரத், ஒரு தடவை படிச்சுச் சொல்லுங்க” என்று கேட்பதும் உண்டு.

அப்படிப்பட்ட நாம் கைப்பேசியில் ஒரு புதிய செயலியையோ பிரவுசரையோ இறக்கும்போது என்ன செய்கிறோம்? நிபந்தனைகள் என்று ஒரு நீண்ட பக்கம் வருகிறது. அதன் அடியில் ‘ஏற்கிறேன்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. பக்கத்தைப் பார்க்காமலே பட்டனை அழுத்திவிடுகிறோம். அதுவும் ஓர் ஒப்பந்தம்தான், நாம் போட்டதும் ஒரு கையெழுத்துதான் என்பது நம் நினைவுக்கு வருவதே இல்லை.

“படித்தால் மட்டும் என்ன ஆகப்போகிறது? அவ்வளவு பெரிய கம்பெனி நம் பேச்சைக் கேட்கவா போகிறது?” என்று சிலர் கேட்கலாம். கேட்டிருக்கிறது. 2008 செப்டம்பரில் கூகுள் குரோம் வெளியான முதல் வாரத்தில் அது நடந்தது. இன்று நம் வீடுகளில் பெரும்பாலான கைப்பேசிகளில் இருக்கும் அந்தப் பிரவுசரை முதன்முதலாகப் பயன்படுத்தியவர்கள் என்ன சொன்னார்கள், எதைப் பாராட்டினார்கள், எதைக் கேள்வி கேட்டார்கள், எதைக் கவனிக்காமல் விட்டார்கள் என்று பார்த்தால் நமக்குப் பல விஷயங்கள் விளங்கும்.

படக்கதையாக வந்த அறிவிப்பு

பிரவுசர் என்பது இணையத்துக்குள் நுழைய நாம் பயன்படுத்தும் வாசல். தமிழில் உலாவி என்கிறோம். செய்தி படிப்பதும், வங்கிக் கணக்கு பார்ப்பதும், பிள்ளைகளின் தேர்வு முடிவைத் தேடுவதும் அந்த வாசல் வழியாகத்தான்.

2008இல் உலகின் பெரும்பாலான கணினிகளில் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர்தான் இருந்தது. விண்டோஸுடன் சேர்ந்தே வந்ததால் பலருக்கு இணையம் என்றாலே அந்த நீல நிற ‘இ’ எழுத்துதான். அதற்கு மாற்றாக மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் வளர்ந்து வந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 3, ஒரே நாளில் 80 லட்சத்துக்கும் அதிகமான முறை இறக்கப்பட்டு கின்னஸ் சாதனை படைத்தது. நல்ல பிரவுசருக்கு மக்கள் காத்திருந்தார்கள் என்பதற்கு அதுவே போதுமான சான்று.

இந்தச் சூழலில்தான் கூகுள் களத்தில் இறங்கியது. அறிவிப்பு வந்த விதமே வித்தியாசமானது. புதிய பிரவுசர் எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்க, ஸ்காட் மெக்ளௌட் என்ற படக்கதை ஓவியரைக் கொண்டு 38 பக்கப் படக்கதை ஒன்றைத் தயாரித்திருந்தார்கள். அதன் பிரதிகள் குறித்த நாளுக்கு முன்பே சிலர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதால், செப்டம்பர் 1 அன்றே செய்தி வெளியே கசிந்தது. மறுநாள் செப்டம்பர் 2ஆம் தேதி, 43 மொழிகளில், விண்டோஸ் கணினிகளுக்கான சோதனைப் பதிப்பாக குரோம் வெளியானது. அந்தப் பணிக்குப் பொறுப்பாக இருந்து அதை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்களில் முக்கியமானவர் சுந்தர் பிச்சை. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த அவர், பின்னர் 2015இல் கூகுளின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார்.

எல்லோரும் பாராட்டியது என்ன?

முதல் நாளே பயன்படுத்திப் பார்த்தவர்கள் வியந்து சொன்ன முதல் வார்த்தை ‘வேகம்’. இதற்குக் காரணம் வி8 என்ற புதிய இயந்திரம். இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியை முன்பைவிடப் பல மடங்கு வேகமாக அது செயல்படுத்தியது. டென்மார்க் நாட்டின் ஆர்ஹஸ் நகரில் லார்ஸ் பாக் என்பவரின் தலைமையில் இயங்கிய குழு அதை உருவாக்கியிருந்தது.

இரண்டாவது, டேப்கள். அதுவரை பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்திருக்கும்போது ஒரு பக்கம் சிக்கிக்கொண்டால் பிரவுசர் முழுவதும் நின்றுவிடும். பாதி எழுதிய மின்னஞ்சலும் அதோடு போய்விடும். குரோமில் ஒவ்வொரு டேபும் தனித்தனி வேலையாக ஓடியது. ஒரு கடையில் மின்சாரம் போனால் அந்தக் கடை மட்டும் இருட்டாகும், தெரு முழுவதும் இருட்டாகாது என்பது போல.

மூன்றாவது, எளிமை. முகவரி எழுத ஒரு பெட்டி, தேட ஒரு பெட்டி என்று தனித்தனியாக இல்லாமல் இரண்டுக்கும் ஒரே பெட்டி. கண்ணை உறுத்தும் பட்டன்கள் இல்லை. கணினி பழகாத முதியவர்கள்கூடக் குழம்பாமல் பயன்படுத்தலாம் என்று பலர் மகிழ்ந்தார்கள். அடிப்படையான நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம் என்று குரோமியம் என்ற பெயரில் திறந்து வைத்ததையும் நிபுணர்கள் வரவேற்றார்கள்.

குறைகளும் உடனே தெரிந்தன

பாராட்டு வந்த வேகத்திலேயே குறைகளும் வந்தன. மேக் மற்றும் லினக்ஸ் கணினி வைத்திருந்தவர்கள் “எங்களுக்கு எங்கே?” என்று கேட்டார்கள். அவர்களுக்கான சோதனைப் பதிப்பு வர 2009 டிசம்பர் ஆகிவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் விளம்பரங்களைத் தடுப்பது போன்ற துணை வசதிகளைச் சேர்த்துப் பழகியவர்களுக்கு குரோமில் அதற்கு வழியில்லை. டேப்களைப் பிரித்து ஓட்டுவதால் நினைவகம் அதிகம் செலவாகிறது என்ற குறையும் எழுந்தது.

பாதுகாப்பு ஆய்வாளர்கள் இன்னும் ஆழமாகப் பார்த்தார்கள். வெளியான சில மணி நேரத்துக்குள்ளேயே ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். குரோம் பயன்படுத்திய வெப்கிட் என்ற பாகத்தின் பழைய பதிப்பில், ஆப்பிளின் சஃபாரியில் ஏற்கெனவே தெரியவந்திருந்த ஒரு பலவீனம் அப்படியே இருந்தது. பயனரின் கவனத்தை ஏமாற்றி அவர் கணினியில் தீய நிரலை இறக்கவும் இயக்கவும் அது இடம் கொடுத்தது. இன்னொரு வேடிக்கையும் நடந்தது. முகவரியில் முக்காற்புள்ளியையும் விழுக்காட்டுக் குறியையும் குறிப்பிட்ட விதத்தில் சேர்த்தால் பிரவுசர் முழுவதும் விழுந்துவிட்டது! ‘ஒரு டேப் விழுந்தால் மற்றவை விழாது’ என்று பெருமையாகச் சொன்ன பிரவுசருக்கே இந்த நிலை. சில நாள்களிலேயே திருத்தப் பதிப்பு வந்தது.

இவையெல்லாம் இயந்திரக் கோளாறுகள். எந்தப் புதிய பொருளிலும் இருக்கும், சரிசெய்யவும் முடியும். ஆனால் முதல் நாளில் சிலர் கண்டுபிடித்த இன்னொரு குறை இயந்திரத்தில் இல்லை, ஒப்பந்தத்தில் இருந்தது.

பதினோராவது நிபந்தனை

கோடிக்கணக்கானவர்கள் படிக்காமல் தாண்டிச் செல்லும் அந்த நீண்ட பக்கத்தைச் சிலர் உட்கார்ந்து படித்தார்கள். பதினோராவது பிரிவில் அவர்கள் கண் நின்றது.

குரோம் வழியாக நீங்கள் அனுப்பும், பதிவிடும், காட்டும் உள்ளடக்கத்தை நகல் எடுக்கவும், மாற்றவும், மொழிபெயர்க்கவும், வெளியிடவும், விநியோகிக்கவும் கூகுளுக்கு நீங்கள் உரிமை தருகிறீர்கள் என்பது அதன் சாரம். அந்த உரிமை நிரந்தரமானது, திரும்பப் பெற முடியாதது, உலகம் முழுவதும் செல்லுபடியாகக்கூடியது, அதற்காக உங்களுக்கு ஒரு பைசாவும் கிடைக்காது. காப்புரிமை உங்களிடமே இருக்கும் என்று அதே பிரிவு சொன்னாலும், இவ்வளவையும் கொடுத்த பிறகு மிஞ்சுவது என்ன என்று படித்தவர்கள் கேட்டார்கள்.

இதில் உள்ள சிக்கலை ஓர் உதாரணத்தால் புரிந்துகொள்ளலாம். நம் புகைப்படத்தை ஒரு ஸ்டுடியோவின் கண்ணாடிப் பெட்டியில் வைக்கக் கொடுத்தால், அதைக் காட்சிக்கு வைக்கும் அனுமதியை ஸ்டுடியோக்காரர் கேட்பது நியாயம். காணொளித் தளங்களும் சமூக வலைதளங்களும் இந்த வகை. ஆனால் பிரவுசர் ஆட்டோவைப் போன்றது. நம்மை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு செல்வதுதான் அதன் வேலை. ஆட்டோவில் ஏறியவரின் பையில் உள்ள அனைத்தின் மீதும் ஆட்டோக்காரருக்கு உரிமை உண்டு என்றால் யார்தான் ஏறுவார்? ஒரு வழக்கறிஞர் தன் கட்சிக்காரருக்கு எழுதும் கடிதம், ஓர் எழுத்தாளர் தன் பதிப்பாளருக்கு அனுப்பும் நூல், ஒரு தாய் வெளிநாட்டிலுள்ள மகனுக்கு அனுப்பும் குடும்பப் புகைப்படம் எல்லாமே பிரவுசர் வழியாகத்தானே போகின்றன?

கேள்வி பரவியது. செய்தி நிறுவனங்களும் கேட்கத் தொடங்கின. கூகுள் உடனே பதில் சொன்னது. தங்கள் பல சேவைகளுக்கும் பொதுவாக ஒரே நிபந்தனைப் பத்திரத்தைப் பயன்படுத்துவது தங்கள் வழக்கம் என்றும், அதில் பிரவுசருக்குப் பொருந்தாத வாசகம் இடம்பெற்றுவிட்டது என்றும் விளக்கியது. வெளியான மறுநாளே, அதாவது செப்டம்பர் 3 அன்றே, அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. உங்கள் உள்ளடக்கத்தின் உரிமை உங்களுக்கே என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்குள் குரோமை இறக்கி ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தியவர்களுக்கும் இந்தத் திருத்தம் முன்தேதியிட்டுப் பொருந்தும் என்று அறிவித்தார்கள்.

இதில் இரண்டு விஷயங்களை நாம் கவனிக்க வேண்டும். ஒன்று, கம்பெனி சதி செய்தது என்று நாம் முடிவு கட்டத் தேவையில்லை. பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதும்போது பழைய ஷரத்தும் கூடவே வந்துவிடுவது பத்திர எழுத்தர்களிடமும் நடப்பதுதான். இரண்டு, தவறு எப்படி நேர்ந்திருந்தாலும், யாரும் படிக்காமல் இருந்திருந்தால் அந்த ஷரத்து அப்படியே இருந்திருக்கும். ஒரு சிலர் படித்ததால் அனைவருக்கும் பயன் கிடைத்தது.

தட்டும் எழுத்து எங்கே போகிறது?

அதே வாரத்தில் இன்னொரு கேள்வியும் எழுந்தது. குரோமின் ஒரே பெட்டியில் நாம் எழுதத் தொடங்கியதுமே, “இதைத்தான் தேடுகிறீர்களா?” என்று அது பரிந்துரைகளைக் காட்டுகிறது. இது எப்படி முடிகிறது? நாம் தட்டுகிற எழுத்துகள், ‘என்டர்’ அழுத்துவதற்கு முன்பே தேடுபொறியின் சர்வருக்குப் போய்விடுவதால்தான்.

அப்படியானால் எழுதி, மனம் மாறி, அழித்துவிட்டவையும் போய்விடுகின்றன அல்லவா? ஒரு நோயின் பெயரை எழுதிவிட்டு அழித்தவர், ஒரு மனிதரின் பெயரை எழுதிவிட்டு அழித்தவர், இவர்களின் எழுத்தெல்லாம் எங்கே? செய்தியாளர்கள் கேட்டபோது, அப்படி வருபவற்றில் சுமார் 2 விழுக்காட்டை, அனுப்பியவரின் ஐ.பி. முகவரியோடு சேர்த்துச் சேமித்து வைப்பதாக கூகுள் தெரிவித்தது. ஐ.பி. முகவரி என்பது இணையத்தில் நம் இணைப்புக்குத் தரப்படும் எண். ஓரளவுக்கு நம் வீட்டு வாசல் எண்ணைப் போன்றது.

விமர்சனம் வலுத்தது. செப்டம்பர் 8 அன்று, அதாவது வெளியாகி ஆறே நாளில், அந்தத் தகவல்களை ஏறத்தாழ 24 மணி நேரத்துக்குள் அடையாளம் தெரியாதபடி ஆக்கிவிடுவதாக கூகுள் அறிவித்தது.

ஜெர்மனியில் எதிர்ப்பு இன்னும் பலமாக இருந்தது. சோதனை நிலையில் இருக்கும் குரோம் பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்றதல்ல என்று அந்நாட்டு அரசின் தகவல் பாதுகாப்பு அலுவலகம் எச்சரித்தது. ஒரே நிறுவனத்திடம் தேடல், மின்னஞ்சல், பிரவுசர் மூன்றும் சேரும்போது ஒரு மனிதரைப் பற்றிய தகவல் அளவுக்கு மீறி ஓரிடத்தில் குவியும் என்ற கவலையும் அங்கே பேசப்பட்டது. திறந்து வைக்கப்பட்ட அதே குரோமியம் நிரலை எடுத்து, கூகுளுக்குத் தகவல் அனுப்பும் பகுதிகளை நீக்கி, ‘அயர்ன்’ என்ற மாற்றுப் பிரவுசரை ஜெர்மன் நிறுவனம் ஒன்று அதே மாதம் வெளியிட்டது.

அன்று சரியாகக் கேட்காத கேள்வி

முதல் வாரத்தில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு முதல் வாரத்திலேயே பலன் கிடைத்தது. போதுமான அளவு கேட்கப்படாத கேள்வி ஒன்றும் இருந்தது. அது ‘இன்காக்னிட்டோ’ பற்றியது. நம் பிள்ளைகள் அனைவருக்கும் இந்தப் பெயர் தெரியும். பெற்றோர்களில் பலருக்குத் தெரியாது.

தொப்பியும் கண்ணாடியும் அணிந்த உருவத்துடன் இந்த வசதி முதல் நாளிலிருந்தே குரோமில் இருந்தது. ஆப்பிளின் சஃபாரியில் இதுபோன்ற ஒன்று 2005லேயே வந்திருந்தாலும், உலகெங்கும் பிரபலமாக்கியது குரோம்தான். வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியாமல் பரிசுப் பொருள் வாங்க உதவும் என்று கூகுள் உதாரணம் சொன்னது. ஆபாசம் பார்க்கத்தான் இது பயன்படும் என்று பலர் கேலி செய்தார்கள். பேச்சு கேலியோடு நின்றுவிட்டது. “இது யாரிடமிருந்து மறைக்கிறது, யாரிடமிருந்து மறைக்கவில்லை?” என்ற கேள்வி பின்னுக்குப் போனது.

இத்தனைக்கும் அந்தப் பக்கத்திலேயே எச்சரிக்கை இருந்தது. இணையத் தளங்கள், இணைப்பு தரும் நிறுவனம், வேலை செய்யும் அலுவலகம் ஆகியவை தொடர்ந்து தகவல் சேகரிக்கலாம் என்ற கருத்தோடு, ரகசிய உளவாளிகளிடமும் முதுகுக்குப் பின்னால் நிற்பவர்களிடமும் கவனமாக இருங்கள் என்று நகைச்சுவையாகவும் எழுதியிருந்தார்கள். சிரித்துவிட்டுத் தாண்டிப் போனவர்கள்தான் அதிகம்.

விளைவு? பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2020 ஜூன் மாதம், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கூகுள் மீது ஒரு கூட்டு வழக்கு தொடரப்பட்டது. இன்காக்னிட்டோவில் இருக்கும்போதும் பல தளங்களில் பொருத்தப்பட்ட கூகுளின் கருவிகள் வழியாகப் பயனர்களைப் பற்றிய தகவல் சேகரிக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. குறைந்தது 500 கோடி டாலர் இழப்பீடு கேட்டார்கள். கூகுள் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. 2023 டிசம்பரில் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. அதன் விவரங்கள் 2024 ஏப்ரலில் வெளியாயின. கோடிக்கணக்கான தகவல் பதிவுகளை அழிக்கவோ அடையாளம் நீக்கவோ கூகுள் ஒப்புக்கொண்டது. இன்காக்னிட்டோ பக்கத்தின் வாசகமும் தெளிவாக்கப்பட்டது. வழக்கின் கீழ் வந்த கோடிக்கணக்கானவர்களுக்குப் பொதுவான இழப்பீடாக ஒரு டாலரும் கிடைக்கவில்லை. விரும்புகிறவர் தனித்தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்பதோடு முடிந்தது.

ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் நாளில் உரக்கக் கேட்ட கேள்விக்கு ஒரே நாளில் தீர்வு. முதல் நாளில் சிரித்துக் கடந்ததற்கு ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள்!

ஏன் இந்த வித்தியாசம்? புதிய பொருள் சந்தைக்கு வரும்போது கம்பெனிக்கு நம் நம்பிக்கை தேவை. அப்போது நம் சொல்லுக்கு எடை உண்டு. நாம் பழகி, வேறு வழியில்லை என்று ஆன பிறகு அந்த எடை குறைந்துவிடுகிறது. சோதனைப் பதிப்பாக வந்த குரோம், 100 நாள் கழித்து 2008 டிசம்பர் 11 அன்று முழுமையான முதல் பதிப்பானது. 2012இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை முந்தியது. இன்று உலகில் இணையப் பயன்பாட்டின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதன் வழியாகவே நடக்கிறது.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

இவ்வளவையும் சொன்னது குரோமை வேண்டாம் என்று சொல்வதற்காக அல்ல. இந்தக் கட்டுரையைக்கூட உங்களில் பலர் அதில்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் சில விஷயங்களை ஒவ்வொரு குடும்பமும் செய்ய முடியும்.

முதலாவது, இன்காக்னிட்டோ என்றால் என்ன என்று பிள்ளைகளோடு வெளிப்படையாகப் பேசுங்கள். பார்த்த பக்கங்களின் பட்டியல் போன்றவை அந்தக் கைப்பேசியிலிருந்து மட்டுமே அழிகின்றன. இறக்கிய கோப்புகள் அப்படியே இருக்கும். பார்த்த தளத்துக்கும், இணைப்பு தரும் நிறுவனத்துக்கும், பள்ளி அல்லது அலுவலக வைஃபையை நிர்வகிப்பவருக்கும் தடயம் தெரியக்கூடும். ‘யாருக்கும் தெரியாது’ என்ற நினைப்பில்தான் பிள்ளைகள் தவறான இடங்களுக்குப் போகிறார்கள். அந்த நினைப்பு பொய் என்பதை மிரட்டாமல் விளக்கிச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டாவது, தட்டும்போதே பரிந்துரை வருவதை நிறுத்திக்கொள்ள பிரவுசரின் அமைப்புகள் பகுதியில் வழி இருக்கிறது. உடல்நலம், குடும்பப் பிரச்சினை போன்றவற்றை அடிக்கடி தேடுபவர்கள் அதை நிறுத்தி வைப்பது நல்லது. வீட்டில் கணினி தெரிந்த பிள்ளையிடம் சொன்னால் இரண்டு நிமிடத்தில் செய்து கொடுத்துவிடும்.

மூன்றாவது, புதிதாக எதை இறக்கினாலும் நிபந்தனைப் பக்கத்தில் மூன்று விஷயங்களையாவது தேடிப் பாருங்கள். என்னிடமிருந்து எதை எடுக்கிறார்கள்? எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்? யாருக்குக் கொடுப்பார்கள்? முழுவதும் படிக்க முடியாவிட்டாலும் இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் ‘ஏற்கிறேன்’ அழுத்த வேண்டாம். ஆங்கிலம் சிரமம் என்றால் கல்லூரியில் படிக்கும் மகளையோ மகனையோ பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

நான்காவது, படிப்பதும் புரளி பரப்புவதும் ஒன்றல்ல. “இந்தச் செயலி உங்கள் பணத்தைத் திருடுகிறது, பத்து பேருக்கு அனுப்புங்கள்” என்று வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே அனுப்புவதால் யாருக்கும் பயனில்லை. 2008இல் பலன் கொடுத்தது, “பதினோராவது பிரிவில் இப்படி எழுதியிருக்கிறது, இதன் பொருள் என்ன?” என்ற குறிப்பான கேள்வி. ஆதாரத்தைக் காட்டிக் கேட்டதால்தான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

இப்போது செயற்கை நுண்ணறிவைச் சேர்த்த புதிய பிரவுசர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கின்றன. நாம் பார்க்கும் பக்கத்தைத் தானே படித்துச் சுருக்கிச் சொல்வது, நமக்காகப் படிவம் நிரப்புவது, பொருள் வாங்குவது என்று அவற்றின் வேலை கூடியிருக்கிறது. பழைய பிரவுசர் நம்மை ஏற்றிச் சென்ற ஆட்டோ என்றால், இவை நம் பையைத் திறந்து பார்த்து நமக்காகக் கடைக்கும் போய்வரும் உதவியாள். வசதிதான். அந்த உதவியாளிடம் எந்தச் சாவியைக் கொடுக்கிறோம் என்பதை, வேலைக்குச் சேர்க்கும் நாளிலேயே பேசிவிட வேண்டும்.

அடுத்த முறை உங்கள் திரையில் ‘ஏற்கிறேன்’ என்ற பட்டன் வரும்போது, தஃப்தர் முன்னால் பேனாவைப் பிடித்தபடி மஹர் தொகையை இன்னொரு முறை பார்க்கும் அந்தப் பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஆகும் ஒரு நிமிடம்தான் நமக்கும் ஆகும்.